சுவரில் ஏறி உதைத்த காலுக்கு வந்த சோதனை! சர்க்கரை வியாதியோடு மல்லுக்கட்டிய விஜயகாந்த்

பாளையம்பட்டி,—

அந்தக் கால் லேசுப்பட்ட கால் அல்ல. சுவரில் ஒரு பாதத்தை ஊன்றுவார். உடம்பு அந்தரத்தில் ஒரு சுற்று சுற்றும். மறு பாதம் எதிரியின் நெஞ்சில் இறங்கும். அவ்வளவுதான்! அடி வாங்கியவன் நாலு கட்டுச் சாக்கைத் தள்ளிக்கொண்டு போய் விழுவான். தியேட்டரில் விசில் அடங்க ஐந்து நிமிடம் ஆகும்.

கையால் சண்டை போட்ட நடிகர்கள் எத்தனையோ பேர். கத்தி சுழற்றியவர்கள் உண்டு. காலாலேயே பேர் வாங்கியவர் என்றால் தமிழ் சினிமாவில் முதலில் நினைவுக்கு வருபவர் விஜயகாந்த்தான்.

2022-ம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு செய்தி வந்தது. நீண்ட நாட்களாக இருந்த சர்க்கரை வியாதியால் அவருடைய கால் விரல் பகுதிக்கு ரத்த ஓட்டம் சரியாகப் போகவில்லை; டாக்டர்கள் யோசனைப்படி வலது கால் விரல்கள் அகற்றப்பட்டன என்று அவருடைய கட்சியான தே.மு.தி.க. அறிவித்தது.

கேட்டவர்கள் திடுக்கிட்டுப் போனார்கள். அருப்புக்கோட்டைச் சீமையில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே திடுக்கிட்டார்கள். காரணம் இருக்கிறது.

நம்ம ஊர்க்காரர்

விஜயகாந்தின் பூர்வீகம் அருப்புக்கோட்டை பக்கத்திலுள்ள ராமானுஜபுரம். வளர்ந்தது மதுரையில். அப்பா அழகர்சாமி ரைஸ்மில் நடத்தியவர். 1952 ஆகஸ்ட் 25-ந்தேதி பிறந்த பையனுக்கு வைத்த பெயர் விஜயராஜ். படிப்பில் மனம் ஒட்டவில்லை. மில்லையும் சினிமா கொட்டகையையும் சுற்றியே வாலிபம் போனது. அப்புறம் சென்னைக்கு ரயில் ஏறினார்.

பாளையம்பட்டியில் மதுரை பஸ்சுக்காக நிற்கிறவர்களிடம் கேட்டால், "அவரு நம்ம பக்கத்துக்காரரு" என்று உரிமையோடுதான் ஆரம்பிப்பார்கள். மதுரைக்காரர்களும் அதையேதான் சொல்கிறார்கள். சண்டை இல்லை. ஒரு மனிதரை இரண்டு ஊர் சொந்தம் கொண்டாடுவதில் யாருக்கு என்ன நஷ்டம்?

1979-ல் "இனிக்கும் இளமை" முதல் படம். ஓடவில்லை. "கறுப்பா இருக்கார், ஹீரோவா எப்படி?" என்று கோடம்பாக்கத்தில் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் உண்டு. 1981-ல் எஸ்.ஏ.சந்திரசேகரன் டைரக்ஷனில் "சட்டம் ஒரு இருட்டறை" வந்தது. படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. அதன்பிறகு மூச்சு விட நேரம் இல்லை.

1984-ம் ஆண்டு கணக்கைக் கேட்டால் தலை சுற்றும். ஒரே வருடத்தில் 18 படம்! மாதம் ஒன்று என்று வைத்தாலும் ஆறு படம் கூடுதல். "நூறாவது நாள்", "வைதேகி காத்திருந்தாள்" எல்லாம் அந்த வருடத்துப் படங்கள்தான்.

காலையில் ஒரு ஷூட்டிங், மத்தியானம் ஒரு ஷூட்டிங், ராத்திரி ஒரு ஷூட்டிங். தூக்கம் காரிலே. இதில் சண்டைக்காட்சிக்கு டூப் வேண்டாம் என்ற வீம்பு வேறு. குதிப்பதும் விழுவதும் அவரே. "ஊமை விழிகள்" 1986-ல், "செந்தூரப்பூவே" 1988-ல், "புலன் விசாரணை" 1990-ல். 1991 சித்திரைப் பிறப்புக்கு வந்தது நூறாவது படம் "கேப்டன் பிரபாகரன்". அன்று ஒட்டிய "கேப்டன்" பட்டம் கடைசிவரை இறங்கவே இல்லை.

இலை போட்ட இடம்

சினிமாக்காரர்கள் அவரைப் பற்றிச் சொல்லும்போது நடிப்பைச் சொல்வதற்கு முன்னால் சாப்பாட்டைச் சொல்வார்கள். தியாகராய நகர் ராஜாபாதர் தெருவில் இருந்த அவருடைய ஆபீசில் வருகிறவர்களுக்கு இலை போடுவார்கள். வாய்ப்புத் தேடி வந்தவன், வேலை இல்லாதவன், வழி தவறி வந்தவன் யாராயிருந்தாலும் பசியோடு திரும்பக்கூடாது. ஷூட்டிங்கில் ஹீரோவுக்கு ஒரு சாப்பாடு, லைட்பாய்க்கு ஒரு சாப்பாடு என்ற வழக்கத்தை உடைத்தவரும் அவரே. தனக்கு என்ன வருகிறதோ அதேதான் எல்லோருக்கும்.

நடிகர் சங்கத்துக்குத் தலைவரானதும் அவர் தொட்ட முதல் சங்கதி கடன். நட்சத்திரங்களைத் திரட்டி சிங்கப்பூர், மலேசியாவுக்குக் கூட்டிப்போய்க் கலைவிழா நடத்தி அந்தக் கடனை அடைத்தார். அவ்வளவு பேரை ஒன்றாக விமானம் ஏற்றுவது என்பது பத்து மாடுகளை ஒரே வண்டியில் பூட்டுகிற வேலை. அதைச் செய்து காட்டினார்.

2005 செப்டம்பர் 14-ல் மதுரையில் மாநாடு கூட்டிக் கட்சி ஆரம்பித்தார். மறு வருடம் சட்டசபைத் தேர்தல். கட்சியில் ஜெயித்தது ஒரே ஆள், அது அவர், தொகுதி விருத்தாசலம். ஆனால் வாங்கிய ஓட்டு 8 சதவீதத்துக்கு மேல். 2009 நாடாளுமன்றத் தேர்தலில் அது 10 சதவீதத்தைத் தொட்டது. 2011-ல் அ.தி.மு.க. கூட்டணியில் 29 இடம் பிடித்து எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

2010-ல் வந்த "விருதகிரி"தான் அவர் கதாநாயகனாக நடித்து வெளியான கடைசிப் படம். டைரக்ஷனும் அவரே. அதன்பிறகு 2015-ல் மகனுடைய "சகாப்தம்" படத்தில் தலைகாட்டினார். புதிய படம் ஒன்று அறிவிப்போடு நின்று போனது. அரசியல் வேலையில் சினிமாவுக்கு நேரம் இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். உடம்பும் இடம் கொடுக்கவில்லை என்பது போகப்போகத் தெரிந்தது.

ஏளனம்

மேடையில் ஒருவர் பேச எழுகிறார். வார்த்தை குழறுகிறது. நடை தள்ளாடுகிறது. பார்க்கிறவன் என்ன நினைப்பான்? "போட்டுட்டு வந்துட்டாரு" என்பான். அதைத்தான் சொன்னார்கள். அரசியல் மேடைகளில் சொன்னார்கள். செல்போனில் துண்டுப் படமாக வெட்டி ஊர் ஊராக அனுப்பிச் சிரித்தார்கள். அவர் பேச்சைப் போலவே பேசிக் காட்டாத கல்லூரிப் பையன் அந்த நாளில் யார்?

சிரித்தவர்கள் மேல் முழுப் பழியையும் போட முடியாது. என்ன வியாதி என்பது வெளியே சரியாகச் சொல்லப்படவில்லை. "வழக்கமான பரிசோதனை" என்றே திரும்பத் திரும்ப அறிக்கை வந்தது. சிங்கப்பூர் போனார், வந்தார். 2018-ல் சிகிச்சைக்காக அமெரிக்கா போனார். அங்கிருந்தபோதுதான் ஆகஸ்ட் 7-ல் கருணாநிதி காலமானார். படுத்த இடத்திலிருந்து பேசி அனுப்பிய வீடியோவில் விஜயகாந்த் குழந்தைபோலத் தேம்பினார். சென்னை திரும்பியதும் விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகவில்லை. நேரே மெரினா சமாதிக்குத்தான் கார் போனது. அப்போதுதான் பல பேருக்கு உறைத்தது: மனிதர் நிற்கவே சிரமப்படுகிறார்!

சிரித்தவர்கள் கொஞ்சம் வாயை மூடினார்கள். ஆனால் ஓட்டு அதற்குள் போய்விட்டது. 2016-ல் மக்கள் நலக் கூட்டணியின் முதல்வர் வேட்பாளர். 104 இடத்தில் நின்று ஒன்றும் கிடைக்கவில்லை. உளுந்தூர்பேட்டையில் அவருக்கே டெபாசிட் போனது. கட்சியின் ஓட்டு 2.4 சதவீதம். 2021-ல் அது அரை சதவீதத்துக்கும் கீழே. வியாதி ஒன்றே காரணம் என்று சொன்னால் அது பொய். கூட்டணிக் கணக்குத் தப்பியது, எம்.எல்.ஏ.க்கள் கட்சி மாறினார்கள். இருந்தாலும் ஊர் ஊராகப் போய் வேனில் நின்று தொண்டை கிழியப் பேசியே கட்சி வளர்த்தவர் அவர். பேச முடியாமல் போனால் கட்சியில் என்ன மிச்சம்? 2021 தேர்தலில் வேனில் வந்தார். கையை மட்டும் அசைத்தார்.

இன்னொரு நடிகர்

அருப்புக்கோட்டைக்காரர்களுக்கு இதைக் கேட்டதும் வேறொருவர் ஞாபகம் வரும். 1977-ல் இதே அருப்புக்கோட்டைத் தொகுதியில் ஜெயித்துத்தான் எம்.ஜி.ஆர். முதல் மந்திரி ஆனார். அவர் கதையிலும் உடம்பு உண்டு. 1967 ஜனவரி 12-ந்தேதி கழுத்தில் குண்டு பாய்ந்தது. பிழைத்தார், குரல் மாறிவிட்டது. மாறிய குரலோடு மேலும் பத்து வருடம் கதாநாயகனாக நடித்தார். ஜனங்கள் அந்தக் குரலையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டார்கள்.

1984 அக்டோபரில் சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். பக்கவாதமும் தாக்கியது. அமெரிக்காவில் நியூயார்க் புரூக்ளின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அண்ணன் மகள் சிறுநீரகம் கொடுத்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே ஆண்டிபட்டியில் ஜெயித்தார். அவர் சாப்பிடுவதையும் சிரிப்பதையும் படமெடுத்துத் தமிழ்நாடு முழுக்கப் போட்டுக் காட்டினார்கள். தாய்மார்கள் அழுதுகொண்டே போய் இரட்டை இலையில் குத்தினார்கள். திரும்பி வந்து, பேச்சு தெளிவில்லாமலே 1987 வரை முதல் மந்திரியாக இருந்தார்.

"கறுப்பு எம்.ஜி.ஆர்." என்று விஜயகாந்தைக் கூப்பிட்டார்கள். பட்டம் பொருந்தியது, ராசி பொருந்தவில்லை. ஒருவருக்கு வியாதி ஓட்டைக் கொண்டுவந்தது. இன்னொருவருக்கு இருந்த ஓட்டையும் கொண்டுபோனது. எம்.ஜி.ஆர். ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று நாட்டுக்கே தெரியும். இவர் விஷயத்தில் மூடி வைத்தார்கள். மூடிய இடத்தில் வதந்தி முளைத்தது. வித்தியாசம் அதில்தான் என்று தோன்றுகிறது.

நடிகையர் திலகம் சாவித்திரிக்கும் இதே சர்க்கரை வியாதிதான். 1980-ல் நினைவு தப்பியவர், 19 மாதம் கண் விழிக்காமல் கிடந்து 1981 டிசம்பர் 26-ந்தேதி காலமானார். எம்.ஜி.ஆர். போனது டிசம்பர் 24. விஜயகாந்த் போனது டிசம்பர் 28. என்ன வாரமோ அது!

விரல் ஏன் போகிறது?

கால் விரலுக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டாக்டர்கள் சொல்வது இதுதான்.

ரத்தத்தில் சர்க்கரை வருடக்கணக்கில் கூடுதலாகவே ஓடினால் முதலில் கெடுவது நரம்பு. உடம்பிலேயே நீளமான நரம்பு காலுக்குப் போவது. ஆகவே காலில்தான் முதல் சேதம். எரிச்சல், மதமதப்பு, எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். பிறகு அதுவும் நின்றுவிடும். வலி போய்விட்டதே என்று சந்தோஷப்படுவார்கள். உண்மையில் போனது வலி அல்ல, உணர்ச்சி! செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது. சூடு பட்டாலும் தெரியாது.

இரண்டாவது, ரத்தக் குழாய் சுருங்கி அடைகிறது. புண் ஆறுவதற்கு ரத்தம் வந்தாக வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் வராத கடைமடை வயல் மாதிரி விரல் காய்கிறது. அங்கே ஒரு சின்னக் காயம் பட்டால் கிருமி புகுந்து சீழ் வைக்கிறது. விரல் கறுக்கிறது. அதை எடுக்காவிட்டால் அழுகல் பாதத்துக்கு ஏறும். பாதத்தை விட்டால் முழங்காலுக்கு ஏறும். விரலை எடுப்பது காலைக் காப்பாற்றத்தான்.

பாளையம்பட்டி, திருச்சுழி பக்கத்து ஜனங்களுக்கு இதில் ஒரு தனி ஆபத்து உண்டு. எங்கே பார்த்தாலும் சீமைக்கருவேல மரம். விறகு வெட்டவும் கரிமூட்டம் போடவும் அதற்குள்தான் போயாக வேண்டும். அந்த முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும். நல்ல கால் என்றால் "ஆ" என்று கத்தி அங்கேயே உட்கார்ந்து பிடுங்கிவிடுவார்கள். மரத்துப்போன கால் முள்ளோடு நாலு நாள் நடக்கும். குழித்தறியில் உட்காரும் நெசவாளி வெறுங்காலால்தான் மிதியை மிதிக்கிறார். விசைத்தறிக்காரர் ஷிப்ட் முழுக்க நிற்கிறார். பலசரக்குக் கடைக்காரரும் காலை ஏழு மணி முதல் ராத்திரி பத்து வரை நிற்கிறவர்தான். காலைக் குனிந்து பார்க்க யாருக்கு நேரம்?

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பெரிய கணக்கெடுப்பில் நாடு முழுக்க சர்க்கரை வியாதிக்காரர்கள் 10 கோடி பேர் என்று வந்தது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். பஸ்சில் 50 பேர் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தால் அதில் ஏழு பேர். டிரைவர், கண்டக்டரைச் சேர்க்காமல்!

சோதனை ஒன்றும் பெரிய வித்தை அல்ல. நைலான் நூல் மாதிரி ஒரு சின்னக் கருவியைப் பாதத்தில் அங்கங்கே வைத்து அழுத்துவார்கள். கண்ணை மூடிக்கொண்டு, பட்டது தெரிகிறதா இல்லையா என்று சொன்னால் போதும். வலிக்காது. இரண்டு நிமிட வேலை. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைச் சொல்லும் ரத்தப் பரிசோதனை இன்னொன்று. வீட்டில் செய்ய வேண்டியது தினமும் ராத்திரி பாதத்தைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்கைப் பார்ப்பது. குனிய முடியாதவர் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். ஆணிக்காலை பிளேடால் சீவுகிற பழக்கம் மட்டும் கூடவே கூடாது.

வீடு தேடி வந்து சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுக்கும் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் 2021 ஆகஸ்டில் ஆரம்பமானது. கால் புண்ணைக் கவனிக்க "பாதம் பாதுகாப்போம்" என்றே ஒரு திட்டத்தைத் தமிழக அரசு அறிவித்தது. விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. முன்னே மாதிரி எல்லாவற்றுக்கும் மதுரை பெரியாஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதில்லை. போகிறவர்கள் கூடவே விரல் கறுத்த பிறகு போகிறார்களா, மரத்த உடனே போகிறார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கடைசி மேடை

விரல் எடுத்த பிறகு விஜயகாந்த் அதிகம் வெளியே வரவில்லை. பிறந்த நாள் வந்தால் தொண்டர்கள் பார்ப்பார்கள், அவ்வளவே. 2023 நவம்பர் 18-ந்தேதி சென்னை மியாட் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நுரையீரலில் கோளாறு என்று செய்தி. அதற்குள் "போய்விட்டார்" என்று ஒரு கூட்டம் வதந்தி கிளப்பியது. மனைவி பிரேமலதா மறுப்புச் சொல்ல வேண்டியதாயிற்று. உயிரோடு இருக்கிறவருக்கு உயிர் இருக்கிறது என்று மனைவி சாட்சி சொல்ல வேண்டிய கொடுமை!

டிசம்பர் 11-ல் வீடு திரும்பினார். மூன்றாம் நாள், 14-ந்தேதி, திருவேற்காட்டில் கட்சிப் பொதுக்குழு. சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். உடம்பு பாதியாகிவிட்டது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. தோளைப் பிடித்துக்கொண்டார்கள். பிரேமலதாவைப் பொதுச்செயலாளர் ஆக்கினார்கள். டெலிவிஷனில் பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள். இந்த நிலையில் அவரை மேடைக்குக் கொண்டுவந்திருக்க வேண்டுமா என்று திட்டியவர்களும் உண்டு. அவரே வரவேண்டும் என்றாரோ என்னவோ, கூட்டத்தைப் பார்த்தே வாழ்ந்த மனிதர்.

டிசம்பர் 26-ல் மறுபடி ஆஸ்பத்திரி. கொரோனா தொற்று இருப்பதாகக் கட்சி தெரிவித்தது. நிமோனியா, செயற்கை சுவாசம் வைத்தும் பலன் இல்லை. 28-ந்தேதி காலை உயிர் பிரிந்தது என்று ஆஸ்பத்திரி அறிவித்தது. வயது 71.

மறுநாள் தீவுத்திடலில் கூடிய கூட்டம் எம்.ஜி.ஆர். காலத்துக் கூட்டம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அரசு மரியாதையுடன் 72 குண்டுகள் முழங்க, கோயம்பேடு கட்சி ஆபீசிலேயே அடக்கம். ராமானுஜபுரத்திலும் ஜனங்கள் அவர் படத்துக்கு மாலை போட்டு அழுதார்கள். 2024-ல் பத்மபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. வாங்க அவர் இல்லை.

கம்ப்யூட்டர் விடவில்லை. 2024 செப்டம்பரில் வந்த விஜய் படத்தில் செயற்கை நுண்ணறிவால் விஜயகாந்தின் முகத்தைக் கொண்டுவந்தார்கள். இளமையான முகம், நேராக நிற்கிற உடம்பு. தியேட்டரில் எழுந்து நின்று கத்தினார்கள். பத்து வருடம் முன்னால் செல்போனில் பார்த்துச் சிரித்த அதே கைகள்தான் இப்போது செல்போனைத் தூக்கிப் பிடித்தன என்றால் கோபித்துக்கொள்ளக்கூடாது.

அருப்புக்கோட்டை அடங்கிய விருதுநகர் நாடாளுமன்றத் தொகுதியில் 2024-ல் அவருடைய மூத்த மகன் விஜய பிரபாகரன் முரசு சின்னத்தில் நின்றார். ஜூன் 4-ந்தேதி ஓட்டு எண்ணிக்கை. முன்னே, பின்னே என்று ராத்திரி வரை இழுபறி. கடைசியில் காங்கிரஸ் வேட்பாளர் மாணிக்கம் தாகூரிடம் 4,379 ஓட்டில் தோற்றார். எண்ணிக்கையில் தில்லுமுல்லு என்று தே.மு.தி.க. புகார் கிளப்பியது. கோயம்பேடு சமாதியில் வருகிறவர்களுக்கு இலை போடுவதை மட்டும் கட்சிக்காரர்கள் நிறுத்தவில்லை.